தனி ஏனம்

சனிக்கிழமை சாயந்தரம் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்ததே கிடையாது. இருளாண்டி விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூட்டை தூக்குகிறவர். வாரம் முடிந்து திருத்தங்கலுக்கு பஸ் ஏறும்போது அவர் மடியில் எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலம் இருக்கும். வாழை இலைக்கு மேல் இரண்டு சுற்றுப் பேப்பர் சுற்றியிருந்தாலும் வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெய் வேட்டியில் இறங்கிவிடும். அவர் தெருமுனை திரும்புகையிலேயே மனைவி முருகம்மாள் உருட்டிக்கொண்டிருந்த காகிதக் குழாய்களை ஒதுக்கிவிட்டு எழுந்திருப்பாள். பெரிய அலுமினியத் தாம்பாளத்தைக் கூடத்து நடுவில் போட்டு, புரோட்டா எல்லாவற்றையும் அதில் கொட்டி, இரண்டு கையாலும் நொறுக்குவாள். அச்சாபீஸிலிருந்து வந்த மகன் பாலகுரு விரலில் மை காயாமலேயே வந்து உட்காருவான்.

"கையக் களுவிட்டு வாலே. புரோட்டா பூரா பச்சைக் கலரா ஆயிரும்" என்று விரட்ட வேண்டும்.

நொறுக்கியதன் மேல் சால்னாவை ஊற்றியதும் நாலு கையும் ஒரே தாம்பாளத்தில் இறங்கும்.

நாலாவது கை மருமகள் இசைவாணியுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவள். தாயில்லாமல் அப்பன் வளர்த்த பிள்ளை. முதல் சனிக்கிழமை ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"தட்டு எதுக்குத்தா? இங்கன எல்லாருக்கும் ஒரே ஏனந்தான். வந்து உக்காரு."

முருகம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, நன்றாகப் பொரிந்த துண்டாகப் பார்த்து எடுத்து அவள் வாயில் வைத்தாள். மென்றுகொண்டே அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. "ஒறைக்குதோ?" என்று இருளாண்டி மட்டும் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றினார்.

அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள், ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. மருந்து அடைப்பதெல்லாம் காட்டுக்குள் இருக்கிற கம்பெனியில். வீட்டுக்கு வருவது காகிதக் கட்டும் மைதா மூட்டையும்தான். காலையில் முருகம்மாள் மைதாவைக் கொட்டிக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, அடுப்படியிலேயே பசை காய்ச்சுவாள். அது ஆறுவதற்குள் ஒரு வாய் சாப்பாடு. பிறகு கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவிப் போட்டால் கூடம் நிறையக் குழாய்கள் குவிந்துவிடும். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டே இருக்கும். இசைவாணிக்கு ஊர்க்கதை எல்லாம் வேண்டும். வைப்பாற்று அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிட்ட வருஷம் மீன் பிடிக்கப் போன கதையை மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பாள்.

அந்தப் பிள்ளைதான் ஒரு வருஷத்தில் கண்ணுக்கு முன்னாலேயே வற்றிப்போனது. வயிறு ஊதிக்கொள்ளும். தின்றது தங்காது, நாலு தடவை ஐந்து தடவை வெளியே ஓடுவாள். கை வெளுத்து, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வயிற்றில் தங்கிய கருவும் இரண்டு தடவை மூன்றாம் மாசத்தோடு கலைந்துபோனது. பக்கத்து வீட்டு சுப்புத்தாய், "பொண்ணு எடுத்த எடம் சரியில்ல" என்று ஒருமுறை இழுத்தாள். "ஒன் வேலையப் பாத்துட்டுப் போடி" என்று விரட்டிவிட்டு, முருகம்மாள் அவளோடு ஒரு மாசம் பேசவில்லை.

முருகம்மாளுக்குத் தெரிந்த வைத்தியம் சாப்பாடுதான். கோதுமையை வறுத்துத் திரித்துச் சத்துமாவுக் கஞ்சி. வெறும் வயிற்றுக்கு ரவைக் கஞ்சி. ராத்திரிக்குச் சேமியா. "குடித்தா, ரத்தம் ஊறட்டும்" என்று எதிரிலேயே உட்கார்ந்து, கிண்ணம் காலியான பிறகுதான் எழுந்திருப்பாள். இசைவாணியும் அத்தை மனசு நோகக் கூடாதென்று குடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள்.

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். குடலுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவுமே ஆகாது. மருந்து மாத்திரையில் தீருகிற வியாதி இல்லை. சாகிறவரைக்கும் தொடாமல் இருக்க வேண்டும். ஒரு பொடிகூட, ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது. சமைக்கிற சட்டி, கரண்டி, சல்லடை, தட்டு எல்லாம் அவளுக்கென்று தனியாக இருக்க வேண்டும்.

பாலகுரு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாத்திரக் கடைக்குப் போய்ச் சட்டி, தட்டு, தம்ளர் என்று புது ஏனங்களோடு வந்தான். அச்சாபீஸில் மிஞ்சிய மயில் படம் போட்ட ஸ்டிக்கரை ஒவ்வொன்றிலும் ஒட்டினான். அடுப்படியில் மேல் பலகையைத் துடைத்து அங்கே அடுக்கினான்.

"மயில் ஒட்டுனதெல்லாம் இசைக்கு. வேற யாரும் எடுக்கக் கூடாது, சரியாம்மா?"

முருகம்மாள் தலையை ஆட்டினாள். ஊட்டி ஊட்டி வளர்த்த கஞ்சிதான் அந்தப் பிள்ளையைத் தின்றிருக்கிறது என்பது அவளுக்கு நெஞ்சில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. மற்றது எதுவும் காதில் விழவில்லை.

புரட்டாசி மாசம். தீபாவளிச் சீசன் நெருங்கி, கம்பெனி வேன் நாளுக்கு ஒரு தரம் வந்து லோடு கேட்டது. இசைவாணி பசையைத் தொடாமல் கம்பியில் காகிதம் சுற்றி மட்டும் கொடுத்தாள். மேலே தகரம், வெயில் அப்படியே இறங்கியது. நடுமத்தியானத்தில் முருகம்மாள் நாக்கு வறண்டு எழுந்து, குடத்துப் பக்கம் போய், கைக்கு எட்டிய தம்ளரை எடுத்தாள்.

"அத்தே! அதத் தொடாதீக!"

இசைவாணி கூடத்திலிருந்து கத்தினாள். கத்திய பிறகுதான் அவளுக்கே தன் குரல் கேட்டது. முருகம்மாளின் கை பசையோடு மயில் தம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டது. தம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். தண்ணீர் குடிக்காமலே பின்பக்கம் போய்விட்டாள்.

சின்னப் பிள்ளையில், அவளுக்குப் பத்து வயசு இருக்கும். வெம்பக்கோட்டைக்குக் கிழக்கே நிலமுள்ள ஒரு சம்சாரி வீட்டுப் பருத்திக் காட்டில் ஆத்தாளோடு களை எடுக்கப் போவாள். மத்தியானம் அந்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்தால் கூழ் ஊற்றுவார்கள். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் நெளிந்த வட்டில் தட்டுத்தான் அவர்களுக்கு. குடித்து, கழுவி, திரும்ப அங்கேயே செருக வேண்டும். ஒருநாள் தாகம் தாங்காமல், வாசலோரம் இருந்த மண்பானையின் மூடியை எடுத்துவிட்டாள். "தொடாதே" என்று ஒரு சத்தம். அந்த வீட்டுக்காரி பானைத் தண்ணீர் முழுவதையும் அவள் கண் முன்னாலேயே முற்றத்தில் கொட்டினாள். ஆத்தா திரும்புகிற வழியில் ஓடைக்குக் கூட்டிப்போய், மகளின் இரண்டு கையையும் மணலைப் போட்டுத் தேய்த்தாள். சிவந்துபோகிற மாதிரித் தேய்த்தாள். "கையில ஒண்ணுமில்லையேத்தா, எதுக்குத் தேய்க்க?" என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு கை மணலை அள்ளினாள். இதை முருகம்மாள் இருளாண்டியிடம்கூடச் சொன்னதில்லை.

மயில் தம்ளரைக் கீழே வைத்த அன்றிலிருந்து அவள் அடுப்படிக்குள் சோறு எடுக்கப் போகவில்லை. எல்லாரும் சாப்பிட்டான பின்பு, தனக்கென்று ஒரு பழைய வட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து தின்றாள். பசை காய்ச்சுகிற நேரம் மட்டும் உள்ளே வருவாள். பேச்சு நின்றுபோனது. குழாய் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டு பேரும் ரெண்டு மூலையில இருந்தா நான் எங்கிட்டுத்தான் உக்காருறது?" என்றார் இருளாண்டி. கடைசியில் பாதி உள்ளேயும் பாதி கொல்லையிலுமாகச் சாப்பிட்டார்.

பத்து நாள் ஆவதற்குள் இசைவாணிக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. தெருக்குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்துவிட்டாள். சுப்புத்தாயும் இன்னொருத்தியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளைப் படுக்கவைத்துவிட்டு பாலகுரு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"ஏம்மா, நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?"

"நான் என்னலே செஞ்சேன்? அவ ஏனத்துப் பக்கமே நான் போகலையே. நான் தொட்டாத்தான் ஆகாதே அவளுக்கு."

"தொட்டா ஆகாதுன்னு யாரு சொன்னா? மாவும்மா, மாவு! தெனமும் இங்கனதான மூட்டையத் தட்டிக் கொட்டுற?"

"நாப்பது வருசமாக் கொட்டுறேன். ஒன்னிய வளத்ததும் இந்தப் பசையிலதான். என்னமோ வெசத்த வச்சிருக்கிற மாதிரி பேசுற."

"நான் சின்னப் புள்ளையில பசையத் தொட்டு நக்குனேன்னு கரண்டியக் காச்சிச் சூடு போடப் போனியே, அது எதுக்கு?"

"துத்தம் போட்டிருக்குல்லலே. குடலு வெந்துரும்."

"அந்தச் சட்டியச் சோத்துச் சட்டியோட சேத்து வச்சிருக்கியா என்னிக்காவது?"

"எப்பிடிலே வைப்பேன்?"

"எனக்குத் துத்தம் எப்பிடியோ, அப்பிடித்தாம்மா அவளுக்கு மைதா. அம்புட்டுத்தான். ஒன் கையில ஒண்ணும் இல்ல. மாவுலதான் இருக்கு."

அவன் போய்விட்டான். முருகம்மாள் அங்கேயே நின்றாள். கிழக்கு ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அன்று காலையில் கொட்டிய மாவு இன்னும் அந்த வெயிலில் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். எக்கி, மேல் பலகையிலிருந்த மயில் தம்ளரின் விளிம்பில் ஒரு விரலை ஓட்டினாள். விரல் நுனி வெள்ளையாக வந்தது. கவிழ்த்து வைத்திருந்த சட்டியின் முதுகிலும், கரண்டிக் குழியிலும், உப்புச் சாடி மூடியிலும் எங்கே தொட்டாலும் வெள்ளை.

அன்று மத்தியானமே மைதா மூட்டை கொல்லையில் தகரத்துக்கடியில் போனது. பசைக்கு அங்கேயே மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு. அடுப்படியை மேலிருந்து கீழ்வரை கழுவினாள். மரக் கரண்டியையும் சல்லடையையும், மைதா மாவு படிந்திருந்த பழைய தோசைக்கல்லையும் சுப்புத்தாயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வேலை முடிந்து ஈரச் சேலையோடு இசைவாணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நீ கத்துனது எனக்கு வேற ஒண்ணா கேட்டுப்போச்சுத்தா" என்று ஆரம்பித்து, அந்த மண்பானைக் கதையைச் சொன்னாள். ஓடை மணல்வரைக்கும் சொன்னாள்.

இசைவாணி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க அப்பாவும் அந்தப் பக்கத்துக் காடுகள்லதான் வேலை பாத்தாரு. டீக்கடையில அவருக்குன்னு ஒரு தம்ளரு ஆணியில தொங்குமாம். சொல்லிருக்காரு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சும் அப்பிடிக் கத்திட்டேன் அத்தே. பயந்துட்டேன். இன்னொரு தடவை வயித்துல தங்கி, அதுவும் போயிருச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

முருகம்மாள் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "கத்து. கையில பசையோட வந்தேன்னா நல்லாவே கத்து" என்றாள்.

பிறகு அந்த வீட்டில் முருகம்மாளை மிஞ்சிய காவல்காரி கிடையாது. கேப்பை திரிக்க மில்லுக்குப் போனால், முதல் ஆளாகக் கதவு திறக்கும்போதே நிற்பாள். கோதுமை விழுந்த கல்லில் திரிக்கக் கூடாதென்று, ஒரு படி அரிசியை முதலில் ஓடவிட்டு அந்த மாவைச் சுப்புத்தாயின் மாட்டுக்குக் கொடுத்துவிடுவாள். இவ்வளவும் பார்த்து ஒருநாள் திரும்பவும் வயிறு வலித்தபோது, அஞ்சறைப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டாள். கடைசியில் பெருங்காய டப்பாவைப் பாலகுருவிடம் நீட்டி, பின்னால் பொடியாக எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். பெருங்காயத்தில் பாதிக்கு மேல் கோதுமை மாவு.

"ரசத்துக்குள்ளயும் வந்து உக்காந்துருக்கு பாரேன், சண்டாளி" என்று டப்பாவோடு தூக்கிக் குப்பையில் எறிந்தாள். அதிலிருந்து அந்த வீட்டு ரசத்தில் பூண்டு வாசனை மட்டும்தான்.

தீபாவளி வந்து போனது. ஐப்பசி மழையில் காகிதம் நமத்துப்போய் வேலை மந்தமானது. இசைவாணியின் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது. சனிக்கிழமைகளில் இருளாண்டி வெறுங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். சில வாரம் பஸ் ஸ்டாண்டிலேயே தனியாகத் தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வருவார். ஆனாலும் சட்டைக்கு வாய் கொப்பளிக்கத் தெரியாது. முருகம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சோறு எடுக்கப் போவாள். நாலு தட்டில் சோறு போட்டு நாலு பேரும் சாப்பிடும்போது, யார் கையும் யார் கையிலும் இடிக்காது. நல்ல பெரிய துண்டுக்காக பாலகுருவும் இசைவாணியும் தாம்பாளத்துக்குள் விரல் மல்லுக்கட்டியதும், இருளாண்டி யாருக்கும் தெரியாமல் கறித்துண்டைப் பெண்டாட்டி பக்கம் தள்ளிவிட்டதும் முருகம்மாளுக்கு நினைவுக்கு வரும். பிசைந்த சோற்றை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொள்வாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அய்யாதுரை முதலாளி வேலைக்காரர்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சி ஒரு மாசம் ஆகியிருந்தது. குழாய் உருட்டுகிற பெண்கள் எல்லாரும் வர வேண்டும் என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார். இசைவாணி வரவில்லை என்றாள்.

"ஏன் வரல? நீயுந்தான் உருட்டுன. ஒஞ்சோறு என் பையில இருக்கும்" என்று முருகம்மாள் ஒரு தூக்குவாளியில் மயில் ஸ்டிக்கரோடு சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்குப் பின்னால் பந்தல். ஓரமாக இரண்டு மாஸ்டர்கள் மாவை வீசி அடிக்க, பெரிய கல்லில் எண்ணெய் கொதித்து, தட்டுத் தட்டாகப் புரோட்டா வந்துகொண்டிருந்தது. காற்றே வெள்ளையாக இருந்தது. முருகம்மாள் மருமகளைப் பந்தலின் மறுகோடியில் காற்று வராத இடமாகப் பார்த்து உட்காரவைத்து, தூக்குவாளியைத் திறந்தாள்.

முதலாளியம்மா ஞானசுந்தரி பார்த்துவிட்டாள். மாஸ்டர்களுக்கு மாவு அளந்து கொடுத்துவிட்டு வந்தவள், நேராக அங்கே வந்தாள்.

"என்ன முருகம்மா இது? எங்க வீட்டுக்கு வந்துட்டு, வாளியக் கட்டிட்டு வந்து திங்கிறீக? எங்க வீட்டுச் சோறு ஒங்களுக்கு ஆகாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. முருகம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம், மயில் தம்ளரைக் கீழே வைத்த அன்று அவளுக்கே இருந்த முகம். அவளுக்குச் சட்டென்று மனசு இளகிவிட்டது.

"ஐயோ, அப்பிடியெல்லாம் நெனைக்காதீகம்மா" என்று எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பம் சோறும் ரசமும் சாப்பிடட்டுமே?"

"பெருங்காயத்துலயும் மாவு இருக்கும்மா. ஒரு கரண்டி மாத்தி விழுந்தாலும் பத்து நாளைக்குப் படுத்துருவா."

ஞானசுந்தரி இசைவாணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆறிப்போன சோத்தத் தின்னுட்டுப் போனா எனக்கு நல்லாருக்குமா? பால் காச்சுனப்போ வந்த ஏனமெல்லாம் அட்டப்பெட்டி பிரிக்காமக் கெடக்கு. நீ உள்ள வா. ஒனக்கு எப்பிடி வேணுமோ, அப்பிடி வை."

அடுப்படி வாசலில் முருகம்மாளின் கால் தானாக நின்றது. கல் பதித்த தரை பளபளவென்று கிடந்தது. "வா வா" என்று ஞானசுந்தரி முன்னால் போய்ப் பெட்டியைப் பிரித்தாள். முருகம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். புதுச் சட்டி என்றாலும் கழுவினாள். மேடையைக் கழுவினாள். பிரிக்காத பையிலிருந்து அரிசி எடுத்து உலை வைத்தாள். புளியும் தக்காளியும் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு ரசத்தைக் கூட்டினாள். நுரை கட்டி எழும்புகிற நேரத்தில், "இங்கிட்டுக் கொண்டா, நான் பாத்துக்கிறேன்" என்று ஞானசுந்தரி கரண்டிக்குக் கை நீட்டினாள்.

"தொடாதீகம்மா!"

வாயிலிருந்து வந்துவிட்டது. முருகம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஞானசுந்தரி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் மைதா அப்பியிருந்தது.

குழாயடிக்குத் திரும்பினாள். சோப்பைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். சேலையில் துடைக்கப் போனவள், சேலையிலும் மாவு இருப்பதைப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டே வந்து முருகம்மாள் முன்னால் நீட்டினாள்.

"பாரு. இப்பம் ஆகுமா?"

முருகம்மாள் குனிந்து பார்த்தாள். நகக்கண்ணைப் பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மோதரத்துக்கு அடியில இன்னும் இருக்கும்மா."

ஞானசுந்தரி மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு மறுபடி போய்க் கழுவினாள். வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். ரசத்தை இறக்கியதும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "பெருங்காயம் இல்லாமலே இம்புட்டு வாசனையா இருக்கே" என்றாள்.

இசைவாணி அன்று அடுப்படிக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் முருகம்மாள் பந்தலுக்குப் போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்தாள். எழுந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவி, வாயையும் கொப்பளித்துவிட்டுத்தான் மருமகள் பக்கத்தில் வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இசைவாணி கேட்டாள்: "புரோட்டா எப்பிடி அத்தே இருந்துச்சு?"

"உப்பே இல்லத்தா. எண்ணெயும் காறல்."

"பொய் சொல்றீக."

"ஆமா, பொய்தான்" என்றாள் முருகம்மாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கி, வெளியே மழை பெய்த கரிசல் காடு பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இசைவாணி அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வயிறு நிறையச் சாப்பிட்ட தூக்கம். போன ஆவணியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அதே தோளில்தான் சாய்ந்திருந்தாள். அப்போது ஒரு கோழிக்குஞ்சு அளவு கனம்கூட இல்லை. இப்போது தோள் கடுத்தது. முருகம்மாள் அசையவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "எங்கம்மா, திருத்தங்கலா?"

முருகம்மாள் மருமகளின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். லேசாக வாய் திறந்திருந்தது.

"சிவகாசிக்கே ரெண்டு போட்டுருப்பா" என்றாள் மெதுவாக. "அங்கன போயி வேற பஸ்ஸுல திரும்பி வந்துக்கிறோம். தூங்கட்டும்."